தாமதமே இல்லாத மருத்துவமனை

சிறுநீரகம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்தபோது பம்புக்காரர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மோட்டார் அறையில் குந்தி உட்கார்ந்து, கழற்றிப் போட்ட பம்பின் வயிற்றுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி. போனை எடுத்தது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி. நாலு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி, அவருடைய இடது கை கனமான எதையும் தூக்கக்கூடாத கையாகிவிட்டது. அதனால் அந்த அம்மாள் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரியிலேர்ந்து. எதுவும் சாப்பிடாம உடனே வரணுமாம்."

"எதுக்காம்?"

"வந்திருச்சாங்க..."

பம்புக்காரருக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலு வருஷமாகக் காத்துக் கிடந்தது வாசலில் வந்து நிற்கும்போது மனுஷனுக்கு முதலில் வருவது பயம்தான். இருந்தாலும் வேலையைப் பாதியில் விட மனசில்லாமல் நாலு போல்ட்டையும் முறுக்கி, ஓட விட்டு, தண்ணீர் ஏறும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார். "உடனேன்னா உடனேங்க!" என்று மனைவி விரட்டினாள். வண்டி பிடித்து, சிவப்பு விளக்கில் எல்லாம் ஓட்டுநரைக் கெஞ்சி, இருபது நிமிஷத்தில் மருத்துவமனை வாசலில் போய் இறங்கினார்கள். அவசரம் என்று யாராவது ஒருவர் அந்த இரண்டு நாளில் பட்டது அந்த இருபது நிமிஷம் மட்டும்தான்.

உள்ளே அவர்களை எதிர்கொண்டவர் ஒருங்கிணைப்பாளர். உறுப்பு மாற்றுக்கான எல்லாக் காகிதங்களும் இந்தப் பெண்மணி மார்போடு அணைத்திருந்த நீலக் கோப்புக்குள்தான் பிறந்து வளர்ந்து முதிரும். அவர் இருவரையும் ஒரு கண்ணாடி அறையின் வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

"பார்த்துக்குங்க. புது மிஷின். முதல் கிட்னி உங்களோடதுதான்."

வேறோர் ஊரில் சாலை விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவருடைய சிறுநீரகம் அது. முன்பெல்லாம் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஓட்டமும் நடையுமாகக் கொண்டு வருவார்கள். இப்போது வந்திருக்கும் இயந்திரம் ஒரு தள்ளுவண்டி உயரம். குளிர்ந்த மருந்துத் திரவத்தைச் சிறுநீரகத்துக்குள் விடாமல் செலுத்திக்கொண்டே இருக்கும். வெறும் ஐஸில் கிடந்து விறைத்துப் போவதற்குப் பதிலாக, உள்ளே ஒரு ஓட்டத்தோடு இருப்பதால், ஆளுக்குள் பொருத்தியதும் சிறுநீரகம் சீக்கிரமே வேலையைத் தொடங்கும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதில் யாருக்கும் சண்டை இல்லை.

பம்புக்காரர் கண்ணாடியில் காதை வைத்தார். டொப்... டொப்... என்று சன்னமாக ஒரு சத்தம். திரையில் இரண்டு எண்கள். ஒன்று எவ்வளவு திரவம் போகிறது என்பது. இன்னொன்று உள்ளே எவ்வளவு தடை இருக்கிறது என்பது. இதற்கு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"ஓட்டம் கூடுது, தடை குறையுது. நல்லா இருக்குன்னுதானே மேடம் அர்த்தம்?"

"அதைக் குழு சொல்லணும்," என்றார் ஒருங்கிணைப்பாளர்.

குழுவின் பெயர் சிறுநீரகப் பாதுகாப்பு இயந்திரப் பயன்பாட்டு நெறிப்படுத்தும் குழு. பதினோரு பேர். பத்து மணிக்குக் கூடினார்கள். அறுவை மருத்துவர் கூட்டத்துக்குள் பாதி உடம்பை மட்டும் நுழைத்து, "பொருத்தம் எல்லாம் சரியா இருக்கு சார். மத்தியானமே வெச்சிடலாம்," என்றார். அவர் கெட்டிக்காரர். கையில் நடுக்கம் கிடையாது. ஆனால் இயக்குநரைப் பார்த்தால் குரலில் வந்துவிடும்.

மருத்துவமனை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர், நீங்க இன்னும் ஐஸ் பெட்டி காலத்துலயே இருக்கீங்க. அப்ப ஓட வேண்டியிருந்தது, ஓடினோம். இந்த மிஷின் நமக்கு என்ன குடுத்திருக்கு? நேரம்! குடுத்த நேரத்தைப் பயன்படுத்தலைன்னா அது மிஷினை அவமானப்படுத்தற மாதிரி. நம்ம நிர்வாகத் தலைவர் நாளைக்குப் பத்து மணிக்குத்தான் மிஷினைத் தொடங்கி வைக்க வர்றார். அது வரைக்கும் கிட்னி எங்க போயிடப் போகுது?"

இதைக் கேட்டுவிட்டு வந்து ஒருங்கிணைப்பாளர் சொன்னபோது பம்புக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கா?"

"பயப்படாதீங்க. மிஷின் பார்த்துக்கும்."

"மேடம்," என்றாள் மனைவி. "கிட்னி குடுத்தவரோட வீட்டுக்காரங்க எவ்வளவு நேரத்துல சரின்னாங்க?"

ஒருங்கிணைப்பாளர் கோப்பைப் புரட்டினார். எல்லாமே அதில் இருந்தது. "நாற்பது நிமிஷம்."

"பறிகொடுத்துட்டு அழுதுக்கிட்டிருந்தவங்களே நாற்பது நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாங்க. இவங்களுக்கு ஒரு நாளா?"

"அவங்களுக்குக் குழு இல்லைங்களே," என்றார் ஒருங்கிணைப்பாளர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவர்களுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் பதினொன்றரைக்குத் தலைவர் வந்தார். அறுவைக்குப் போகும் பச்சை அங்கியோடு பம்புக்காரரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, 'பயனாளி' என்ற அட்டையை மாட்டி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் ஒன்றே கால் நாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் காது மட்டும் அந்த டொப் டொப்பிலேயே இருந்தது. அது நடந்துகொண்டிருக்கும் வரை தானும் இருப்போம் என்று அவருக்கு எப்படியோ ஓர் எண்ணம் விழுந்துவிட்டது.

தலைவர் இயந்திரத்தை உற்றுப் பார்த்தார். "இது ஏற்கெனவே ஓடிக்கிட்டிருக்கே."

"ஆமாங்க ஐயா, நேத்துலேர்ந்து," என்றார் இயக்குநர் பெருமையாக.

"ஓடிக்கிட்டிருக்கறதை நான் எப்படிய்யா தொடங்கி வைக்கிறது?"

குழுவின் பதினோரு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் இயக்குநர்தான் முடிவெடுத்தார். அவர் முடிவெடுக்கத் தெரிந்தவர். "நிறுத்திட்டுத் தொடங்குவோம்."

சத்தம் நின்றது.

பம்புக்காரருக்குத் தன் நெஞ்சே நின்றதுபோல் இருந்தது. திரையில் ஓட்டத்தின் எண் விறுவிறுவென்று விழுந்து காணாமல் போனது. தலைவர் கைதட்டலுக்கு நடுவே ஒரு பொத்தானை அழுத்தினார். அது திரையின் வெளிச்சத்தைக் கூட்டும் பொத்தான். வெளிச்சம் கூடியது. எல்லாரும் கைதட்டினார்கள். இயந்திரம் சும்மா இருந்தது.

"ஐயா, அது இல்லைங்க... பச்சை! பச்சையை அமுத்துங்க!" பம்புக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"பயனாளி உணர்ச்சிவசப்படுகிறார்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மறுபடி கைதட்டல். அந்தச் சத்தத்தில் அறுவை மருத்துவர் யாருக்கும் தெரியாமல் பக்கவாட்டில் கையை நீட்டிப் பச்சையை அழுத்தினார். டொப்... என்று மறுபடி உயிர் வந்தது. அதற்குள் புகைப்படக்காரர் முகத்தைச் சுளித்து, "சார், ஐயா கண்ணை மூடிட்டார். இன்னொரு தடவை," என்றார்.

இன்னொரு தடவை நிறுத்தினார்கள்.

பிறகு தலைவர் பேசினார். "ஒரு காலத்தில் நோயாளிக்காக உறுப்பு காத்திருக்க முடியாது. இன்று நம் மருத்துவமனையில் உறுப்பு யாருக்காகவும் காத்திருக்கும். எனக்காகவே காத்திருந்தது. இதைவிட வளர்ச்சி வேறு என்ன வேண்டும்?" நாற்பது நிமிஷம் பேசினார். பம்புக்காரரை மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோகும்போது மணி இரண்டு. கடைசியாக அவருக்கு நினைவிருப்பது மனைவி அவருடைய வலது கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்ததுதான். வேறு எங்கே தொடலாம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண் விழித்தபோது அடிவயிற்றின் வலப்பக்கம் கட்டு. கட்டிலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. புதுச் சிறுநீரகம் வேலை செய்தால் குழாய் வழியே சிறுநீர் அந்தப் பைக்குள் இறங்கும். பம்புக்காரர் பையைப் பார்த்தார். காலி. மறுநாள் பார்த்தார். அடியில் ஒரு மடக்கு, அதுவும் ரத்தம் கலந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை.

"இது சகஜம்ங்க," என்றார் அறுவை மருத்துவர். "புதுசா வெச்ச கிட்னி சில பேருக்குக் கொஞ்ச நாள் தூங்கும். ஒரு வாரம் ஆகலாம், ரெண்டு வாரம் ஆகலாம். ஸ்கேன்ல ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. அது வரைக்கும் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே இருந்தா தானா முழிச்சுக்கும்." சொல்லிவிட்டு அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தது. 'இயந்திரம் வந்த நாள் முதல் தாமதம்: பூஜ்யம்.' மருத்துவரின் குரல் இறங்கிவிட்டது. "ஆனா, இப்ப பண்ண முடியாது."

விஷயம் இதுதான். வைத்த முதல் ஏழு நாளுக்குள் நோயாளிக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தால், சிறுநீரகம் 'தாமதமாகச் செயல்பட்டது' என்று எழுத வேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். இந்த இயந்திரத்தை வாங்கியதே தாமதத்தை ஒழிக்க. முதல் நோயாளிக்கே தாமதம் என்றால் இயக்குநர் எந்த முகத்தோடு தலைவர் முன்னால் நிற்பார்? இயக்குநர் மூன்று நாள் யோசித்தார். தாமதத்தை ஒழிக்க அவருக்கு ஒரு வழி அகப்பட்டது. டயாலிசிஸை நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் புகைப்படக்காரர் வந்தார். மருத்துவமனையின் மாத இதழுக்குப் பம்புக்காரர் நிறைந்த பையோடு சிரித்துக்கொண்டிருக்கும் படம் வேண்டுமாம். பை காலியாக இருப்பதைப் பார்த்து ஒருங்கிணைப்பாளர் சற்றுத் தயங்கினார். பக்கத்துக் கட்டிலில் கல் அடைப்புக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரின் பையைக் கொக்கியிலிருந்து கழற்றி, குழாயைக் கொஞ்சம் இழுத்து, பம்புக்காரரின் கட்டிலில் மாட்டினார்.

"சிரிங்க," என்றார் புகைப்படக்காரர்.

பம்புக்காரரின் முகம் வீங்கியிருந்தது. சிரித்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. இதழ் வந்ததும் வாத்தியார் அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி, "ஆள் அவரு. ஆனா உள்ள இருக்கறது என்னோடது," என்றார்.

ஐந்தாம் நாள் காலையில் பம்புக்காரரால் படுக்க முடியவில்லை. படுத்தால் யாரோ தலையைத் தண்ணீருக்குள் அமுக்குவதுபோல் மூச்சு முட்டியது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தே இருந்தார். கால்கள் இரண்டும் உரலாட்டம் ஆகிவிட்டன. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வாயில் துருப்பிடித்த இரும்பின் ருசி. நெஞ்சு இரண்டு அடி அடித்து, ஓர் அடி விட்டு, மறுபடி அடித்தது. ஓடும் பம்பில் காற்று புகுந்தால் எப்படித் துள்ளும் என்று அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

டயாலிசிஸ் பிரிவின் மூத்த நர்ஸ் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். நாலு வருஷமாக அவருடைய கையில் ஊசி ஏற்றியவள் அவள்தான். தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வெளியே போனாள். மனைவி பின்னாலேயே ஓடினாள்.

"சிஸ்டர், உண்மையைச் சொல்லுங்க."

"பொட்டாசியம் ஏறிக்கிட்டே போகுதுக்கா. இப்படியே விட்டா இதயம் நின்னுடும். அவருக்கு இன்னைக்கு டயாலிசிஸ் பண்ணியே ஆகணும். நாலு மணி நேர வேலை. மிஷின் சும்மாதான் கிடக்கு."

மனைவி நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை. உள்ளே ஒருங்கிணைப்பாளரும் இருந்தார். 'தாமதமற்ற வாரம்' நிறைவு விழாவுக்கு அழைப்பிதழ் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

"உட்காருங்கம்மா," என்றார் இயக்குநர். தன்மையான மனிதர்தான். "உங்க கவலை எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒண்ணு யோசிக்கணும். டயாலிசிஸ் பண்ணினாத்தான் தாமதம். பண்ணலைன்னா தாமதம் எங்க இருக்கு? அவர் நல்லா இருக்கார்னு அர்த்தம்."

"அவரால மூச்சு விட முடியல சார்."

"மூச்சு எங்க கணக்குல வராதும்மா. இன்னும் ரெண்டே ரெண்டு நாள். எட்டாம் நாள் காலையில எத்தனை தடவை வேணும்னாலும் பண்ணிக்கட்டும். நானே வந்து நிக்கிறேன்."

"அந்த ரெண்டு நாள் தாங்கலைன்னா?"

இயக்குநர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டி, சுரமே இல்லாமல் படித்தார். "முதல் வாரத்தில் டயாலிசிஸ் இன்றி நோயாளி காலமாகும் நிலையில், அது தாமதமாகக் கருதப்படாது. வேறு பட்டியலில் சேர்க்கப்படும்."

"பார்த்தீங்களா," என்றார் இயக்குநர் ஆறுதலாக. "எப்படிப் பார்த்தாலும் தாமதம் வராது."

மனைவி வெளியே வந்து நடைபாதைச் சுவரில் சாய்ந்தாள். அழக்கூட வரவில்லை. இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது என்பதே பெரிய பயமாக இருந்தது. மூத்த நர்ஸ் வந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு விழா ஒத்திகைக்காக எல்லாரையும் அரங்குக்குக் கூப்பிட்டார்கள். நடைபாதை காலியானது. மூத்த நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியோடு வந்தாள்.

"அண்ணே, ஒரு வேலை இருக்கு. மூணாம் நம்பர் டயாலிசிஸ் மிஷின்ல ரத்தப் பம்ப் சத்தம் சரியில்லை. நீங்க வந்து பார்க்கணும்."

பம்புக்காரருக்கு விளங்கவில்லை. மூச்சுக்கு நடுவே, "நானா... இப்பவா..." என்றார்.

"ஓடவிட்டுத்தான் பார்க்கணும். நாலு மணி நேரம் ஓடவிடணும். ஆள் மாட்டி ஓடவிட்டாத்தான் குறை தெரியும். வேற ஆள் கிடைக்கல."

மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். அவர் கையைத் தூக்கி நர்ஸின் தோளில் போட்டாள்.

பதிவேட்டில் நர்ஸ் எழுதினாள்: 'இயந்திரம் எண் மூன்று. ரத்தப் பம்ப் பழுது சோதனை. வெளித் தொழிலாளி ஒருவர்.' பம்புக்காரர் கையெழுத்துப் போட்டார். இடது கையில் ஊசி ஏறியது. முதல் ஒரு மணி நேரம் கண்ணை மூடவே பயந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இயக்குநர்தான் என்று நினைத்தார். யாரும் வரவில்லை. இரண்டாம் மணியில் நெஞ்சின் துள்ளல் அடங்கியது. மூன்றாம் மணியில் முதுகை மெல்லச் சாய்த்தார். மூச்சு முட்டவில்லை. அப்படியே தூங்கிப்போனார். மனைவி அவர் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஏழாம் நாள் நாலாம் எண் இயந்திரத்திலும் சத்தம் சரியில்லாமல் போனது. அதையும் சோதித்தார்கள். அதே நேரத்தில் அரங்கில் நிறைவு விழா நடந்துகொண்டிருந்தது. கைதட்டல் சுவரைத் தாண்டிக் கேட்டது.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மனைவி பையைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். குழாயில் மஞ்சளாக ஒரு சொட்டு நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. "ஏங்க," என்றாள். "ஏங்க, ஏங்க, ஏங்க." சாயந்திரத்துக்குள் பை பாதி நிறைந்தது. வாத்தியார் எட்டிப் பார்த்து, "இது உங்களோடதுதான்," என்று ஒத்துக்கொண்டார். இத்தனை நாள் பயத்தில் அழாத பம்புக்காரர் அன்றுதான் அழுதார். யாருடையது என்றே தெரியாத ஒன்று, இத்தனை பேர் படுத்தின பாட்டையும் பொறுத்துக்கொண்டு, தனக்குள் கண்ணைத் திறந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவருக்கு அடக்க முடியவில்லை.

அவருடைய கோப்பில் 'உடனடிச் செயல்பாடு' என்று எழுதினார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்தவரை ஒருங்கிணைப்பாளர் வழியிலேயே மடக்கினார். சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினார். 'உடனடி நாயகர்' என்று போட்டிருந்தது. "வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம். வெளியூர் டாக்டர்கள் எல்லாம் வந்திருக்காங்க. நாலு நாளைக்கு முன்னாடி கிட்னி வெச்ச ஒரு பொண்ணு பயந்துக்கிட்டிருக்கு. நீங்க தைரியம் சொல்லணும்."

கட்டிலைச் சுற்றி இருபது பேர் குறிப்பேடுகளோடு நின்றார்கள். நடுவில் இயக்குநர். வாசலில் மூத்த நர்ஸ். கட்டிலில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அந்த உட்காரல் என்ன என்று பம்புக்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பை காலி.

"இதோ, இவர்தான்!" என்றார் இயக்குநர். "சொல்லுங்க, உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "அண்ணே... உங்களுக்கு முதல் நாளே வந்திருச்சாமே. எனக்கு மட்டும் ஏன் வரல? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

பம்புக்காரர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை மாசாமாசம் இந்த ஒருங்கிணைப்பாளர் கையெழுத்தில்தான் வருகிறது. வாசலில் நிற்கும் நர்ஸின் வேலை ஒரு வார்த்தையில் போய்விடும். வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. போட்டோவில் சிரித்தவர்தானே. அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றார். "நீ ஒரு தப்பும் பண்ணல. எனக்கு எட்டு நாள் ஒண்ணுமே வரல. உன்னை மாதிரியேதான் உட்கார்ந்திருந்தேன். ரெண்டு தடவை டயாலிசிஸ் ஆச்சு. யாரையும் கேக்காம, மிஷின் ரிப்பேர்னு பொய் சொல்லி நானேதான் போய்ப் படுத்துக்கிட்டேன். ஒம்போதாம் நாள் வந்துச்சு. இப்ப நல்லா இருக்கேன். டயாலிசிஸ் வேணும்னு கேளு. விடாம கேளு."

குறிப்பேடுகள் எல்லாம் நின்றன. வெளியூர்க்காரர்களில் வயதான ஒரு பெண் மருத்துவர் கதவுப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா இது தாமதம்தானே? நீங்க பூஜ்யம்னு போட்டிருக்கீங்களே. முதல் வாரத்தை நீங்க எப்படிக் கணக்குப் பண்றீங்க?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். பம்புக்காரர் தன் வயிற்றின் வலப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார். அதைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

"நல்ல கேள்வி," என்றார் இயக்குநர் கடைசியில். "மத்த இடங்கள்ல ஆபரேஷன் நடந்த நாளைத்தான் முதல் நாளா வெச்சிருக்காங்க. அது பழைய முறை. கிட்னி தூங்கிக்கிட்டிருக்கும்போது அதுக்கு எப்படிய்யா வாரம் ஓடும்? எங்க மருத்துவமனையில, கிட்னி வேலையைத் தொடங்கின நாள்தான் முதல் நாள். அதுலேர்ந்து ஏழு நாள் முதல் வாரம். இதுவரைக்கும் அந்த வாரத்துல ஒருத்தருக்குக்கூடத் தாமதம் ஆனதில்லை."

ஒருங்கிணைப்பாளர் அதை எழுதி, பிரிவு எண் போட்டார். வெளியூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூன்று பேர் குறித்துக்கொண்டார்கள்.

"அப்போ சார்," என்றாள் மூத்த நர்ஸ் வாசலிலிருந்து, ஒரு நொடியும் விடாமல். "இந்தம்மாவுக்கு இன்னும் முதல் வாரம் தொடங்கல. இப்பவே டயாலிசிஸ் பண்ணிடலாமா?"

"வாரம் தொடங்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க," என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. "அதுல நிர்வாகம் தலையிடாது."

அரை மணியில் ஊசி ஏறியது. பம்புக்காரர் போகாமல் பக்கத்திலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாசம் மாத்திரைக்குக் கையெழுத்து வருமா என்பது அவருக்குத் தெரியாது. நர்ஸ் பதிவேட்டைத் திறந்து, பெயர் எழுதி, 'டயாலிசிஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மூன்று மணி நேரம் கழித்து அந்தப் பெண் மெதுவாக முதுகைச் சாய்த்தாள். சாய்ந்து பார்த்தாள். முட்டவில்லை. "சிஸ்டர்," என்றாள் கண்ணை மூடிக்கொண்டே. "இன்னைக்கு எனக்கு எத்தனாவது நாள்?"

"இன்னும் ஆரம்பிக்கலம்மா."

"அப்போ நாலு நாளா செத்துப் பொழைச்சேனே, அது?"

"அது யாரோட கணக்குலயும் வராது. நீங்க மூச்சை நல்லா இழுத்து விடுங்க."